0.85 வோல்ட் எங்கே போனது? காருக்கு வீட்டிலேயே செய்த எர்த் கிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், இரும்பு பிளாக் (என்ஜினின் முக்கிய உடம்பு), அலுமினிய ஹெட் (அதன் மேல் உட்காரும் பகுதி). வயது 15-ஐத் தாண்டிவிட்டது. குறைகள் மூன்று. காலையில் செல்ஃப் அடித்தால் என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும். ஐடிலில் ஹெட்லைட்டும் புளோயரும் சேர்ந்து ஓடினால் வெளிச்சம் மங்கும். மூன்றாவதுதான் துப்பு: ஹெட்லைட் சுவிட்சைப் போட்ட உடனே டெம்பரேச்சர் முள் லேசாக ஏறும், அணைத்தால் இறங்கும். சுவிட்சைத் தட்டியதும் கூலன்ட் சூடாகிவிடாது. முள் நகர்ந்தால் நகர்ந்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை.

இந்த வயது வண்டிகள் பலவற்றில் கேஜுக்கான சென்சாரில் ஒற்றை ஒயர்தான் இருக்கும். அது என்ஜின் பிளாக்கில் திருகியிருப்பதே அதன் எர்த். கேஜின் எர்த் பாடியில். பாடியும் பிளாக்கும் மின்சாரக் கணக்கில் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை முள் உண்மையைக் காட்டும். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் இடைவெளி விழுந்தால் கேஜ் வெப்பத்தோடு சேர்த்து அந்த அரை வோல்ட்டையும் காட்டும்.

பேட்டரி ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டிருந்தது, குறை மாறவில்லை. இந்த நிலையில்தான் பலரும் ரெடிமேட் எர்த் கிட்டைத் தேடுவார்கள். கலர் கலராக நாலைந்து ஒயர், இரண்டு பக்கமும் லக்கு (போல்ட்டில் மாட்டும் வளைய முனை), பெட்டியின் மேல் குதிரைசக்தி கூடும், மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதி. எர்த் பாதை நன்றாக இருக்கும் வண்டியில் இதைப் போட்டால் ஒன்றும் கூடாது. பாதை கெட்டிருந்தால் இழந்தது திரும்பி வரும், அவ்வளவுதான். ஆகவே ஒயர் வாங்குவதற்கு முன்னால் மீட்டரை எடுக்க வேண்டும்.

அளவு எடுத்த விதம்

ஓம்ஸ் ரேஞ்சில் வைத்து எர்த் ஒயரைச் சோதிப்பது வீண் வேலை. சாதாரண மல்டிமீட்டரின் புரோப் ஒயருக்கே 0.2 ஓம் போல இருக்கும். இங்கே தேடுவது 0.004 ஓம் அளவிலான கோளாறு. அது மீட்டர் கண்ணுக்கே தெரியாது. இழைகளெல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும் ஒயர்கூட ஓம்ஸில் "நல்லது" என்றுதான் காட்டும். உண்மை தெரிய வேண்டுமானால் நிஜ கரண்டை ஓடவிட்டு, வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் சோதனை செல்ஃப் அடிக்கும்போது. என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஒருமுறை சுற்றவிட வேண்டும். பிளக் ஒயரை உருவிவிட்டுச் சுற்றுகிறவர்கள் உண்டு. அப்போது எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும், தீப்பொறி போக வழியில்லாமல் இக்னிஷன் காயிலும் கெடலாம். மீட்டர் டிசி வோல்ட்டில், சிவப்பு புரோப் பிளாக்கின் பெயின்ட் இல்லாத உலோகத்தில், கறுப்பு புரோப் பேட்டரி நெகட்டிவில். நெகட்டிவ் என்றால் ஒயரின் முனையில் பேட்டரியைக் கவ்வும் கிளாம்ப் இல்லை. நடுவில் தெரியும் ஈயக் குமிழ். கிளாம்பில் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையிலான கோளாறு கணக்கில் வராமல் போய்விடும். நான்கைந்து வினாடிக்கு மேல் சுற்றக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடமாவது விட வேண்டும்.

ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் சுமார் 150 ஆம்பியர். பேட்டரி குமிழ்களுக்கு இடையே 10.6 வோல்ட், ஆனால் ஸ்டார்ட்டரின் தடித்த டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 9.5 மட்டுமே. காணாமல் போன 1.1 வோல்ட்டில் பாசிட்டிவ் பக்கம் 0.25. மீதி 0.85 முழுக்க எர்த் பக்கம். செல்ஃப் அடிக்கும்போது எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வேலை இருக்கிறது என்று பொருள். இங்கே நான்கு மடங்குக்கு மேல்.

அந்த 0.85-ஐத் துண்டு துண்டாகப் பிரித்ததில்தான் விஷயம் வெளிவந்தது. புரோப்பை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தி எடுத்த அளவுகள்:

குமிழிலிருந்து கிளாம்ப்: 0.12 வோல்ட்
கிளாம்பிலிருந்து ஒயரின் மறுமுனை லக்கு வரை: 0.11
லக்கிலிருந்து கியர்பாக்ஸ் உடம்பு: 0.55
கியர்பாக்ஸிலிருந்து பிளாக்: 0.07

கம்பெனி போட்டிருந்த ஒயர் 16 ஸ்கொயர் எம்.எம்., நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அந்தப் பருமன் செம்புக்கு மீட்டருக்கு 1.1 மில்லி ஓம் என்று கணக்குப் போட்டால் 150 ஆம்பியரில் 0.11 வோல்ட் விழ வேண்டும், விழுந்ததும் அதுவே. ஒயர் ஆரோக்கியமாக இருந்தது. திருடன் லக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், ஒரே ஒரு போல்ட்டின் அடியில். 0.55 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 80 வாட்டுக்கு மேல். செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட் அவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது. சூடு ஏறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, இடைவெளியில் ஈரம் புகுந்து, இணைப்பு தன்னைத் தானே மேலும் கெடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது சோதனை ஐடிலில், ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு. பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையே 0.40 வோல்ட், 0.1-க்குள் இருக்க வேண்டியது. பாடிக்கும் பிளாக்குக்கும் இடையே 0.49. டெம்பரேச்சர் முள் ஆடியதற்கு இதுதான் காரணம். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பிளாக்குக்கும் இடையே 0.09, மோசமில்லை, ஆனால் பெயின்ட் அடித்த பிராக்கெட் வழியாகப் போகும் பாதைக்கு நல்லதும் இல்லை.

இந்த வண்டியில் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடலாம். என்ஜின் எர்த் முழுக்க அறுந்த வண்டிகளில் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள் எது கிடைக்கிறதோ அதன் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்த பின் கேபிள் உறை சுட்டால், அல்லது ஆக்சிலரேட்டர் பெடல் திடீரென்று இறுகினால், அதைத் தற்காலிகமாக ஓட்டிச் சமாளிக்கக் கூடாது.

கழற்றியபோது தெரிந்தது

பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், கடைசியில் மாட்ட வேண்டியதும் நெகட்டிவ். மோதிரம், கடிகாரம் கையில் இருக்கக் கூடாது.

கியர்பாக்ஸ் போல்ட்டை எடுத்து லக்கைத் திருப்பிப் பார்த்தால், மேல்பக்கம் வெள்ளி போலப் பளபளத்தது. அடிப்பக்கம் ஒரு கறுப்பு வளையம். அலுமினிய முகத்தில் வெள்ளைப் பொடி, லக்கில் பச்சை. உண்மையில் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஓரத்தில் ஒரு நகக்கீறல் அளவுதான் மின்னியது. அத்தனை ஆம்பியரும் அந்தக் கீறல் வழியாகவும் போல்ட்டின் மரை வழியாகவும்தான் போயிருக்கின்றன. மேலிருந்து பார்த்துவிட்டு "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாடி லக்கின் அடியில் துரு. ஹெட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் (என்ஜின் அறையை உட்புறத்திலிருந்து பிரிக்கும் தகடு) நடுவில் இருந்த பின்னல் பட்டை முழுக்கப் பச்சை. கையால் வளைத்ததும் இழைகள் நொறுங்கின. உறையில்லாத பின்னலுக்குள் ஈரம் ஏறினால் அதைக் காப்பாற்ற வழியில்லை. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புது ஒயர் எதுவும் சேர்க்காமல், இருந்த இணைப்புகளை மட்டும் சுத்தம் செய்து பூட்டி மறுபடி அளந்தபோது, செல்ஃப் அடிக்கையில் 0.85 என்று இருந்தது 0.24-க்கு இறங்கியது. கிட் மாட்டிய பிறகு 0.10. மொத்த லாபம் 0.75 வோல்ட், அதில் 0.61 உப்புத்தாளும் வயர் பிரஷும் கொடுத்தது, 0.14 மட்டும் புது ஒயர் கொடுத்தது. எர்த் கிட் போட்டதும் வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இதுதான்: கிட்டை மாட்டுவதற்காகப் பழைய இணைப்பைக் கழற்றித் தேய்த்திருப்பார்கள், பெயர் கிட்டுக்குப் போயிருக்கும்.

அப்படியானால் கிட் எதற்கு? பின்னல் பட்டைக்கு மாற்று எப்படியும் தேவை. கியர்பாக்ஸ் என்ற ஒரே போல்ட்டை நம்பியிருந்த பாதைக்கு இரண்டாவது வழி கிடைக்கிறது. ஒன்று மறுபடி கெட்டாலும் மற்றது தாங்கும். அந்தக் காரணத்துக்காகச் செய்யலாம்.

ஒயர்களும் லக்குகளும்

நான்கு ஒயர் போதும்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக், ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு: 25 ஸ்கொயர், 60 சென்டிமீட்டர்.
பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி, கம்பெனி எர்த் போல்ட்டுக்கே: 16 ஸ்கொயர், 30 சென்டிமீட்டர்.
ஹெட்டிலிருந்து ஃபயர்வால்: 16 ஸ்கொயர், 40 சென்டிமீட்டர்.
ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலிருந்து பிளாக்: 16 ஸ்கொயர், 45 சென்டிமீட்டர்.

நீளம் வண்டிக்கு வண்டி மாறும். கயிறை வைத்து ஒயர் போகப்போகும் வழியிலேயே வளைத்து அளந்து, அதோடு 5 சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். தேவைக்கு மேல் நீளம் விட்டால் அந்த நீளமே தடையாகிவிடும்.

வெல்டிங் கேபிள் நன்றாக வேலை செய்யும். மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அதிர்வைத் தாங்கும், ரப்பர் உறையும் வளையும். 105 டிகிரி தாங்கும் வாகன ஒயர் கிடைத்தால் அது இன்னும் மேல். வீட்டு வயரிங்குக்கான, இழை தடித்த ஒயர் வேண்டாம்; என்ஜின் ஆட்டத்தில் லக்கின் கழுத்தில் முறியும். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒயர் கைக்கு லேசாகவும் இருக்கும். அதே பருமனில் கரண்ட் கடத்துவது குறைவு. கிரிம்ப் செய்த இடத்தில், அதாவது லக்கின் குழாயை ஒயர் மேல் அழுத்திப் பிடித்த இடத்தில், நாளடைவில் தளரும், ஈரம் பட்டால் அரிக்கும். கார் ஆடியோ ஒயர் என்று விற்பதில் இது ஏராளம். நல்ல செம்பிலேயே தகரப் பூச்சுக் கொடுத்த ஒயரும் உண்டு. அது மேலே வெள்ளை, உள்ளே செம்பு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லக்கு, தகரப் பூச்சுள்ள செம்புக் குழாய் வகை. ஒயருக்கு இரண்டு வீதம் எட்டு வேண்டும். குழாய் ஒயரின் பருமனுக்கு, வளையம் போல்ட்டின் பருமனுக்கு: 25-8 என்றால் 25 ஸ்கொயர் ஒயர், 8 மில்லிமீட்டர் போல்ட். போல்ட் 6 மில்லிமீட்டர் என்றால் 6 துளை லக்கே வாங்க வேண்டும். பெரிய துளையில் சிறிய போல்ட் நின்றால் தொடும் பரப்பு பாதியாகிவிடும். தகரப் பூச்சு அழகுக்கு இல்லை. வெறும் செம்பு அலுமினிய ஹெட்டோடு ஈரத்தில் உட்கார்ந்தால் அலுமினியம் கரையும்.

இவற்றோடு உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பல் வைத்த ஸ்டார் வாஷர், 180 எண்ணுக்கு அருகில் உள்ள உப்புத்தாள், வாசலின் அல்லது பேட்டரி டெர்மினல் கிரீஸ், கேபிள் டை.

கிரிம்ப்

கிட்டின் தரம் முழுக்க இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

ஒயர் உறையைக் குழாயின் ஆழத்தைவிட 2 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக உரிக்க வேண்டும். சுற்றிலும் கத்தி போடும்போது வெளி இழைகள் அறுபடும். பத்து இழை போனால் என்ன என்று தோன்றும். அதிர்வில் அறுபடத் தொடங்குவது அங்கிருந்துதான். இழைகளை முறுக்காமல் நேராக, குழாயின் அடி தட்டும்வரை தள்ள வேண்டும். ஸ்லீவை முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும்; இரண்டு முனையும் கிரிம்ப் ஆன பிறகு அது உள்ளே ஏறாது.

அறுகோண டை (அழுத்தும் அச்சு) உள்ள ஹைட்ராலிக் கிரிம்பர் சரியான கருவி. 25 ஸ்கொயருக்கு 25 டை, குழாயில் இரண்டு அழுத்து. சரியான கிரிம்ப்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தனித்தனி இழை தெரியாது. ஒரே செம்புத் துண்டு போல நெருங்கியிருக்கும். காற்று புக இடமில்லை என்றால் அரிப்புக்கும் இடமில்லை. கருவி இல்லாதவர்கள் குறடால் நசுக்கவோ சுத்தியலால் அடிக்கவோ வேண்டாம். அளவு கொடுத்தால் பேட்டரி கேபிள் கட்டித் தரும் இடத்தில் கிரிம்ப் செய்து கொடுப்பார்கள்.

ஈயம் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்ற கேள்வி எப்போதும் வரும். ஈயம் இழைகளின் இடுக்கில் ஏறி, லக்கைத் தாண்டி ஒயரை ஒரு கம்பி போல விறைக்க வைக்கும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் அந்த எல்லையில்தான் அதிர்வு வந்து குவியும். அங்கேயே முறியும், அதுவும் ஸ்லீவுக்குள், கண்ணுக்குத் தெரியாமல். மோசமான கிரிம்ப்பை ஈயத்தால் மூடி மறைப்பதும் நடக்கிறது. இணைப்பு சூடாகும் அன்று அந்த ஈயம் இளகிவிடும்.

முடித்ததும் லக்கை வைஸில் பிடித்து ஒயரை முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புது லக்கு. பிறகு ஸ்லீவைச் சூடாக்கினால் விளிம்பில் பசை பிதுங்கும். பிதுங்கினால்தான் அடைந்தது என்று பொருள்.

மாட்டியது

போல்ட் தேர்வில் அவசரம் கூடாது. ஹெட் போல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. கேம் கவர் போல்ட்டும் வேண்டாம். ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், குறைந்த இறுக்கத்துக்கானது, ஆயில் கசியும். என்ஜினைத் தூக்குவதற்கான கொக்கியின் போல்ட், காலியாக விட்டிருக்கும் மரை, பிராக்கெட் போல்ட் ஆகியவை நல்ல இடங்கள். ஃபயர்வாலில் புதுத் துளை போடாமல் பழைய பட்டையின் போல்ட்டையே பயன்படுத்தியாயிற்று.

லக்கு உட்காரும் இடத்தில் லக்கின் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் மின்னும்வரை தேய்க்க வேண்டும். அடுக்கு இப்படி: உலோகம், அதன் மேல் நேரடியாக லக்கு, அதன் மேல் ஸ்டார் வாஷர், போல்ட் தலை. வாஷரை லக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைத்தால் கரண்ட் பற்களின் முனைகள் வழியாக மட்டும் போகும். ஒரே போல்ட்டில் இரண்டு லக்கு வந்தால் தடித்தது அடியில். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர், 6-க்கு 8 என்ற அளவில் இறுக்கியது; பிராக்கெட், ஸ்டார்ட்டர் போல்ட்டுகளுக்கு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள இறுக்கமே சட்டம். அலுமினிய மரையில் கைப்பலத்தைக் காட்டினால் மரை கையோடு வரும். இறுக்கிய பிறகுதான் கிரீஸ், மேற்புறத்திலும் ஓரங்களிலும். வெறுமனே விட்ட உலோகம் ஒரு மழைக்காலம் தாங்காது.

என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் ஒயரில் ஒரு தொய்வு வளையம் கட்டாயம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் மவுன்ட்டில் சில சென்டிமீட்டர் ஆடும். இறுக்கமான ஒயர் அந்த ஆட்டத்தை லக்கின் கழுத்துக்குக் கடத்தும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் கட்ட வேண்டும். எர்த் ஒயருக்கு ஃபியூஸ் இல்லை. அதன் ஒரு முனை கழன்று பேட்டரி பாசிட்டிவில் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால் தளர்வாகத் தொங்கும் முனை எங்கும் இருக்கக் கூடாது. மற்ற முனைகளையெல்லாம் பூட்டி முடித்த பிறகு பேட்டரி முனை கடைசியாக.

ரெடிமேட் கிட்டுகளில் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் திராட்டில் பாடிக்கும் ஒரு ஒயர் கொடுத்திருப்பார்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு எர்த் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. திராட்டில் சென்சாரின் எர்த் அதன் ஒயர் வழியாகவே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகிறது. அந்த ஒயர் இந்த வேலையில் சேர்க்கப்படவில்லை. சென்சார் எர்த் ஒயர்களை வெட்டி பாடியில் சேர்ப்பது அதைவிட மோசம். அவை ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் கரண்டிலிருந்து விலகி இருக்கவே தனியாக ஈசியூவுக்கு இழுக்கப்பட்டிருக்கின்றன.

புது வண்டிகளில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சிறிய பெட்டி, அதில் மெல்லிய ஒயர் சொருகியிருக்கும். வண்டி நின்றதும் என்ஜினைத் தானே அணைத்துத் தானே கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ளவற்றில் பெரும்பாலும் உண்டு. அது பேட்டரி சென்சார், உள்ளே போகும் வெளியே வரும் கரண்டை எண்ணுவது. புது எர்த்தை நேராகக் குமிழ் பக்கம் மாட்டினால் அதன் வழியாகப் போகும் கரண்ட் கணக்கில் வராது. சார்ஜிங் தாறுமாறாகும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. அத்தகைய வண்டியில் ஒயர் தொடங்க வேண்டியது சென்சாரைத் தாண்டிய பாடி போல்ட்டிலிருந்து. ஹைப்ரிட் வண்டியின் உயர் வோல்ட்டேஜ் பாயும் ஆரஞ்சு கேபிள்கள் பக்கம் கை போகவே கூடாது. ஏர்பேக், ஏபிஎஸ் எர்த் போல்ட்டுகளையும் தொடாமல் விடுவதே நல்லது.

அளந்ததும் மிச்சமும்

அதே இடங்களில் அதே சோதனை. செல்ஃப் அடிக்கையில் குமிழிலிருந்து பிளாக் 0.10 வோல்ட். ஸ்டார்ட்டரில் 10.2. ஐடிலில் நெகட்டிவ்-பாடி 0.03, பாடி-பிளாக் 0.03, ஆல்டர்னேட்டர்-பிளாக் 0.02. செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஹெட்லைட் போட்டால் முள் அசையவில்லை. வெளிச்சம் மங்குவது வெகுவாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. ஐடில் வேகத்தில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதற்கு ஒரு எல்லை உண்டு, எந்த எர்த் ஒயரும் அதை உயர்த்தாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் முதல் சில கிலோமீட்டருக்கு ஐடில் ஏறி இறங்கும். ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ளும்வரைதான். ரேடியோ கோடு கேட்கும் வண்டியில் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

செம்பு லக்கு முதல் சில வாரங்களில் சூட்டிலும் அதிர்விலும் சற்று அமுங்கும். ஒரு மாதம் கழித்து ஸ்பேனர் வைத்துப் பார்த்ததில் ஃபயர்வால் போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டது, மற்றவை அசையவில்லை. பாசிட்டிவ் பக்கத்தின் 0.25 வோல்ட் அப்படியே இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வரை அந்தப் பக்கம் பொறுக்கலாம் என்பதால் இப்போதைக்கு அதை விட்டாயிற்று.